எரிச்சல் நின்ற கால்

சர்க்கரை நோயோடு உப்பளத்திலும் துறைமுகத்திலும் கடலிலும் உழைக்கும் தூத்துக்குடித் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உழைப்பாளி மக்களுக்கு,

வேப்பலோடையிலும் முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பு வாருகிறவர்கள், வ.உ.சி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள், தருவைகுளத்திலும் புன்னக்காயலிலும் மணப்பாட்டிலும் வலையை நம்பி வாழ்கிறவர்கள் ஆகிய உங்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த மடல்.

இரவில் படுத்த பிறகு வீட்டாரிடம் சொல்லப்படும் சில பேச்சுகள் உண்டு. "உள்ளங்கால் காந்துது." "எறும்பு ஊருத மாரி இருக்கு." "ஊசிய வச்சுக் குத்துது." "போர்வை பட்டாக்கூடத் தாங்கல." "பஞ்சு மேல நடக்க மாரி இருக்கு." "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல." காலையில் மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது இவற்றில் ஒன்றுகூட வாய்க்கு வருவதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும். உள்ளே போனால் சர்க்கரை அளவு எவ்வளவு என்ற கேள்வியோடு பேச்சு முடிந்து மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. கண்ணால் காட்ட ஒரு புண்ணும் இல்லாதபோது எதைக் காட்டி என்ன சொல்வது என்ற தயக்கம் வேறு. துணிந்து சொன்னவர்களில் சிலர், வயதானால் அப்படித்தான் இருக்கும் என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சுகள் மருத்துவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். அதோடு, அதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. பல மாதம் காந்திய கால் ஒரு நாள் காந்தாமல் அடங்கினால், அது குணமாகிவிட்டது என்று எண்ணி நிம்மதி அடையாதீர்கள். அந்தக் காலைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இது ஒரு சிலரின் தொல்லை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023 ஜூன் மாதம் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் சர்க்கரை உள்ளவர். சர்க்கரை உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்பு பாதிக்கப்படுகிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவரும் அன்றைக்கே பாதிப்பும் இருக்கும். எத்தனையோ ஆண்டுகளாகத் தெரியாமலே சர்க்கரை கூடியிருந்ததற்கு அது அடையாளம். அதனால்தான் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் தெரிந்த அன்றே காலைச் சோதிக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன.

காலில் ஏன் தொடங்குகிறது? முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி இருக்கும் ஒரு நரம்பு செல், தன் ஒரே இழையைக் கால் பெருவிரல் நுனி வரை நீட்டி வைத்திருக்கிறது. நல்ல உயரமானவருக்கு அந்த இழை ஒரு மீட்டரையும் தாண்டும். அந்த நீளம் முழுவதற்கும் வேண்டியதை அந்த செல்தான் அனுப்பியாக வேண்டும். கூடுதல் சர்க்கரை நரம்பையும் கெடுக்கிறது, நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் மிக நுண்ணிய குழாய்களையும் கெடுக்கிறது. ஆகவே கடைசி நுனி முதலில் வாடுகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மெல்ல ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்குகிறது.

வாடும் நரம்பு சும்மா இருப்பதில்லை. சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் மெல்லிய இழைகள் அடிபடும்போது, வெளியே எதுவும் நடக்காமலேயே அவை தாமாகச் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. தீ இல்லாமல் எரிவதும், ஊசி இல்லாமல் குத்துவதும் அதனால்தான். பகலில் வேலையும் பேச்சும் அதை மறக்கடிக்கும். இரவில் அது ஒன்றே மிஞ்சும்போது தூக்கம் போய்விடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. சிலர் பெரிய மருத்துவமனைக்குப் போய், காலில் மின்முனைகளை வைத்துச் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனையையும் செய்துகொள்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வருகிறது. எரிச்சல் மட்டும் போவதில்லை. வீட்டிலுள்ளவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. கொஞ்ச நாளில் அவருக்கே தன் மேல் சந்தேகம் வருகிறது. அந்தச் சோதனை தடித்த இழைகளின் வேகத்தை மட்டுமே அளக்கக்கூடியது. எரிச்சலைத் தரும் மெல்லிய இழைகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் கணுக்காலுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் அளவு தோலை எடுத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். மிகச் சில மையங்களில்தான் அதற்கு வசதி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையும் இல்லை. எங்கே, எப்போது, எப்படி என்று நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, காலைத் தொட்டுப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவருக்கு விளங்கிவிடும். அறிக்கை சரியாக இருக்கிறது என்பதால் எரிச்சல் மனப்பிரமை ஆகிவிடாது. இதை வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எரிச்சல் நின்ற காலைப் பற்றிச் சொல்ல, தமிழ்நாட்டில் பிறந்த ஒரு மருத்துவரின் கதைக்குப் போக வேண்டும். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அந்தக் காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூடவே இருந்து பார்த்தார். சூடான பாத்திரத்தை அவர்கள் விடாமல் பிடித்திருந்தார்கள். துருப்பிடித்த பூட்டை விரலில் ரத்தம் வரும்வரை திருகினார்கள். இரவில் விரல் காணாமல் போனவர்களைக் கண்காணித்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துத் தின்பதும், அது தெரியாமல் அவர்கள் தூங்குவதும் தெரியவந்தது. பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயம் காயமாகச் சேர்ந்து கையும் காலும் தேய்ந்துபோகின்றன என்பதை அவர் நிறுவினார். அந்தக் கால்களைக் காக்க, நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்புகள் வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவமனைகளில் சொல்வது அதைத்தான்.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்கள், அதே இடங்களில் இருந்தன. வேலூர்ப் பாடம் சர்க்கரை நோயாளிக்கும் அப்படியே பொருந்தியது. அதே கார்விலில் பிர்க், சிம்ஸ் என்ற இருவர் 1986இல் ஓர் எளிய அளவுகோலை நிலைநாட்டினார்கள். பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து அழுத்தினால், அது தெரிகிறவருக்குக் காலைக் காக்கும் உணர்வு மிச்சம் இருக்கிறது. தெரியாதவருக்கு அது போய்விட்டது. இன்று உலகமெங்கும் சர்க்கரை மருத்துவர்களின் மேசையில் அந்த இழை இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவரும் காலுக்கு இந்தச் சோதனை வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எரிச்சல் என்பது நரம்பு இன்னும் குரல் கொடுப்பதன் அடையாளம். அது மருந்தாலோ, சர்க்கரை கட்டுக்குள் வந்ததாலோ தணிந்தால் நல்லதே. எந்தக் காரணமும் இல்லாமல் தணிந்து, அந்த இடத்தில் மரமரப்பு வந்து உட்கார்ந்திருந்தால், இழை முழுவதுமாகச் செத்துவிட்டது என்று பொருள். வலிக்கிற காலைத்தான் மனிதர்கள் கவனிக்கிறார்கள். வலிக்காத காலில் புண் வந்தால் இரண்டு வாரம் கழித்து, நாற்றம் வந்த பிறகே தெரிகிறது. சர்க்கரை நோயில் கால் எடுக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு அது ஒரு சிறு புண்ணில்தான் தொடங்கியது என்பது பல ஆய்வுகளில் உறுதியான கணக்கு. அந்தச் சிறு புண்ணைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

நம் ஊர் உழைப்பு, உணர்வு குறைந்த காலுக்கு எத்தனை ஆபத்துகளை வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

அளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்குகிறது. உப்பு விளையும் பாத்தியின் நீர், உப்புச் செறிவைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி வரை இறுகியிருக்கும். அதில் மணிக்கணக்கில் நின்று வாரும் கால்களில் தோல் தடித்துப்போகிறது, குதிகால் வெடிக்கிறது. உப்புப் படிகத்தின் முனை கீறுகிறது. நல்ல உணர்வுள்ள காலாக இருந்தால் வெடிப்பில் உப்பு ஏறும்போது உயிர் போகும். அந்த வலி தெரிந்தவர் உடனே கரையேறிக் காலைக் கழுவுவார். மரத்த கால் எதுவும் சொல்லாது. பூட்ஸ் போட்டுக்கொள்கிறவர்களுக்கு, உள்ளே விழுந்த ஒரு உப்புக்கல் நாள் முழுவதும் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

படகில் வேறு கதை. கெளுத்தி முள், திருக்கை வால், கடல்முள்ளெலி, பாறைச்சிப்பி விளிம்பு எல்லாம் குத்தும், கிழிக்கும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள், சர்க்கரை உள்ளவரின் காயத்தில் ஏறினால் மிக வேகமாகப் பரவக்கூடியவை. கடலில் பட்ட காயத்தில் சில மணி நேரத்துக்குள் சிவப்பும் வீக்கமும் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால், கரை சேர்ந்த உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்பித்தூளும் சுண்ணாம்பும் வைத்துக்கட்டி மறுநாள் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. துறைமுகத்தில் வெயிலில் காய்ந்த இரும்புத் தளமும் தார்ச்சாலையும், பைக்கின் புகைக்குழாயும் சுடும்போது, சூடு தெரியாத கால் விலகாது.

கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் வெறுங்காலோடு நடக்கும் நேர்த்திக்கடன்களையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருக்கிறவர்கள், ஆகஸ்ட் 5இல் பனிமய மாதா திருவிழாவில் கூடுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த நடை உயிரோடு கலந்தது. அதை யாரும் விட வேண்டியதில்லை. உணர்வு குறைந்த கால் உள்ளவர்கள் சாலையில் செருப்போடு நடந்து, சந்நிதியில் கழற்றலாம். உச்சி வெயிலைத் தவிர்த்து விடியுமுன்பும் அந்திக்குப் பிறகும் நடக்கலாம். கல்தரையில் கனத்த பருத்திக் காலுறை அணியலாம். ஒவ்வோர் இரவும் கூட வருகிறவர் ஒருவர் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லா மதமதப்பையும் சர்க்கரைத் தலையில் கட்டிவிடவும் முடியாது. சர்க்கரை உள்ளவருக்கும் வேறு காரணங்கள் வரலாம். அவற்றில் சில முழுதும் சரியாகக்கூடியவை என்பதால் தேடிப் பார்ப்பது மிகவும் முக்கியம். மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு உடலில் பி12 வைட்டமின் குறையலாம். அதுவும் இதே மதமதப்பையும் தள்ளாட்டத்தையும் தரும். 2022இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு இதை மருத்துவர்களுக்கு வலியுறுத்தி அறிவித்தது. மீன் தாராளமாகச் சாப்பிடும் வீட்டில் ஆபத்து குறைவு. மீனும் கறியும் முட்டையும் அபூர்வமாகவே கிடைக்கும் வீடுகளில் அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்காக மெட்பார்மினைத் தானாக நிறுத்தக் கூடாது.

மறுபக்கம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "நரம்பு மாத்திரை" பலவற்றில் பி6 வைட்டமின் கூடுதலாக இருக்கிறது. அதை அளவுக்கு மேல், மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். குடிப்பழக்கமும் இதே எரிச்சலைத் தரும். சர்க்கரையோடு குடியும் சேர்ந்தால் பாதிப்பு கூடும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்கான ஐசோநியாசிட் மருந்து ஆகியவையும் பட்டியலில் உண்டு. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மட்டும் இரவில் மரத்து, கையை உதறினால் தெளிகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வலை பின்னுகிறவர்களுக்கும் அது வரக்கூடியது, சர்க்கரை இருந்தால் இன்னும் எளிதாக வரும். ஒரு காலில் மட்டும் இடுப்பிலிருந்து சுளீரென்று இறங்கினால் முதுகுத் தட்டு நகர்ந்திருக்கலாம். தோலில் நிறம் வெளுத்த, தொட்டால் தெரியாத திட்டு இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அது இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. முழுதும் குணமாகக்கூடியது, மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

சங்கு குளிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. சங்கு குளிப்பு தொடர்கிறது. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை மூச்சாக இழுத்து ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாக வெளிப்பட்டு முதுகுத்தண்டையும் நரம்பையும் அடைக்கும். மூட்டு வலி, மதமதப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் போகாமை எல்லாம் வரும். நடு அமெரிக்காவில் ஹோண்டுராஸ் கரையில் கல் இறால் பிடிக்கும் மிஸ்கீட்டோ இன மக்களில் எத்தனையோ இளைஞர்கள் இப்படிக் கால் விழுந்துபோய்ச் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். மூச்சடக்கிக் குளித்தால் இது வராது என்பதும் இல்லை. பசிபிக் கடலின் துவாமோட்டு தீவுகளில், குழாய் இல்லாமல் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய் முத்தெடுத்தவர்களுக்கும் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்திருக்கின்றன.

சர்க்கரையால் வரும் மதமதப்பு மாதக்கணக்கில், இரண்டு காலிலும் சமமாக மெல்ல ஏறும். குளித்து மேலே வந்த சில நிமிடத்திலோ, ஒரு நாளுக்குள்ளோ, உடம்பின் ஏதோ ஒரு பக்கத்தில் புதிதாக மரமரப்பும் பலக்குறைவும் வந்தால் அதைச் சர்க்கரை என்று தள்ளிவிடாதீர்கள். உடனே முழு ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு முறை முங்கினால் சரியாகிவிடும் என்று இறங்குவது உயிரோடு விளையாடுவது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுக்கிறவருக்கு நீருக்கு அடியில் சர்க்கரை இறங்கினால் காப்பாற்ற ஆளிருக்காது. அப்படிப்பட்டவர் மருத்துவரிடம் பேசாமல் கடலில் இறங்கவே கூடாது.

இனி, இந்த எரிச்சலோடு எப்படி வாழ்வது? முதல் மருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், பாதிப்பு வேகமாக ஏறாமல் தடுக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி நல்லது என்று வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தாராளமாகப் போடுகிறவர்கள், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விசித்திரமும் நடக்கும். பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரையை இன்சுலினோ மாத்திரையோ சில வாரங்களில் மளமளவென்று இறக்கினால், சிலருக்கு எரிச்சல் திடீரென்று கூடும். 1930களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்த விஷயம் இது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், மெல்ல இறக்கும்படி அவர் மாற்றித் தருவார். இந்த எரிச்சல் பெரும்பாலும் சில மாதங்களில் தணியும்.

எரிச்சலுக்கென்றே மருந்துகளும் உண்டு. சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு உதவுவதில்லை. தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம்தான் கெடும். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரகாபலின் என்ற மூன்றும் பல ஆண்டுகளாக இதற்குக் கொடுக்கப்படுகின்றன. பிரிட்டனில் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூன்றில் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்த்ததில் வலி சராசரியாகப் பாதியளவுக்கு இறங்கியது. முழுதும் போய்விடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. பாதி குறைந்தால் இரவில் தூக்கம் வரும், மறுநாள் வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கும். இவற்றில் சில தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும் என்பதால், கிரேன் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், படகின் விளிம்பில் நின்று வலை இழுக்கிறவர் தன் வேலை என்ன என்பதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கேற்ப மருந்தையும் நேரத்தையும் அவர் தேர்ந்தெடுப்பார்.

வீட்டில் செய்யக் கூடாதவை சில. எரியும் காலை வெந்நீரில் முக்கக் கூடாது. செங்கல் சூடு, மணல் ஒத்தடம் வேண்டாம். ஐஸ் கட்டியையும் நேராக வைக்கக் கூடாது. தண்ணீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், ஆணிக்கான அமிலப் பட்டையை ஒட்டுவதும் எத்தனையோ கால்களைப் பலிவாங்கியிருக்கின்றன. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலி இல்லையென்றாலும் நடப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். உணர்வற்ற பாதத்தின் எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். உரிய கட்டுப் போட்டால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியது, காசு செலவில்லாதது. சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். மனைவியோ மகனோ, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியைத் தன் ஆள்காட்டி விரலால் மெல்ல, ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், காலைக் காக்கும் உணர்வு குறைந்திருக்கிறது. எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

காலோடு இது முடிவதில்லை. படுத்து எழுந்தால் கண் இருட்டுவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பியது போலிருப்பது, ஆண்மைக் குறைவு, சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக வரும் வியர்வையும் படபடப்பும் வராமல் போவது எல்லாம் உள்ளுறுப்பு நரம்புகள் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவதும் உண்டு. கூச்சத்தால் இவற்றை மறைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஒருவர் தனியாகச் செய்ய முடியாத, ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் காலையும் காட்டுங்கள். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இருக்காது. அதற்காகத்தான் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கூலி இழப்பு இல்லாமல் ஒருவர் காலைக் காட்டக்கூடிய காலம் இந்த இரண்டும்தான். உப்பளத் தொழிலாளர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் ஊராட்சிகளும், இந்த இரு காலத்திலும் ஊர்தோறும் கால் பரிசோதனை முகாம் கேட்டுச் சுகாதாரத் துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும். முகாமில் நைலான் இழையும், பி12 ரத்தப் பரிசோதனையும், தேவைப்படுவோருக்கு எம்.சி.ஆர். செருப்பும் இருக்க வேண்டும் என்று மனுவில் தனித்தனியாக எழுத வேண்டும். அள முதலாளிகளிடம் கேட்க வேண்டியவை: கால் கழுவ நல்ல தண்ணீர், அளவுக்கு ஏற்ற பூட்ஸ், பெண்களுக்கு ஒதுங்க இடம். ஒதுங்க இடமில்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்குச் சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அளங்களில் வேலை நின்றிருக்கும் மாதம் அது. முதல் முகாமை அந்த வாரத்திலேயே வேப்பலோடையிலோ முள்ளக்காட்டிலோ நடத்தலாம். அதற்கு வருகிறவர்கள் சர்க்கரை அளவைச் சொல்வதோடு நின்றுவிடாமல், எந்த விரலில் தொடங்கியது, எத்தனை மாதமாக இருக்கிறது, இரவில் கூடுகிறதா, இப்போது எரிகிறதா அல்லது எரிவது நின்றுவிட்டதா என்ற நான்கையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒரு கட்டுரையாளர்